மாடும் மனிதரும் ஒரே கூரையில்: அயர்லாந்தின் பழைய கிராமத்து வீடுகள்

வாசகர் கேள்வி, 4 ஜனவரி 2025

அயர்லாந்து காலண்டர்களில் வரும் வெள்ளைச் சுவர், வைக்கோல் கூரை வீடுகளைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எல்லாமே ரயில் பெட்டி மாதிரி நீளமாக, ஒரே அறை அகலத்தில் இருக்கின்றன. இடத்துக்குப் பஞ்சமில்லாத கிராமத்தில் ஏன் அப்படி? ஜன்னல் வரிக்குப் பயந்துதான் ஜன்னலைச் சிறிதாக்கி அரைக்கதவு வைத்தார்கள் என்று படித்தேன். மாட்டை வீட்டுக்குள்ளேயே கட்டினார்கள் என்றும் ஒருவர் சொன்னார். உண்மையா, ஏளனப் பேச்சா?

5 ஜனவரி, காலை

மரம். அகலத்துக்கு அதுதான் காரணம், வேறு ரகசியம் இல்லை.

மேற்கு அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் (மாவட்டம் மாதிரி), காசில்பார் ஊருக்கு வெளியே, அப்படி ஒரு வீட்டில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். கூரையில் இப்போது ஸ்லேட் ஓடு. சுவரும் அமைப்பும் பழசுதான்: வரிசையாக மூன்று அறை, நடுவில் சமையலறை. நடைவழி என்று ஒன்று கிடையாது.

கூரையின் பாரம் முழுவதும் முன்சுவரிலும் பின்சுவரிலும் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடலாம் என்பதைக் கையில் கிடைத்த மரத்தின் நீளம் முடிவு செய்தது. அயர்லாந்தில் காடு அழிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. 1900 வாக்கில் நாட்டின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குதான் காடு. நிலக்கிழார் தோட்டத்து மரத்தில் குத்தகைக்காரர் கை வைக்க முடியாது. அதனால் மரத்தை மண்ணுக்கடியில் தேடினார்கள். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் புதைந்து கிடக்கும் ஓக்கும் பைனும் அழுகாமல் இருக்கும். விடிகாலையில் போய்ப் பார்ப்பார்களாம். சுற்றிலும் பனித்துளி படிந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் படியாமல் கோடு தெரிந்தால் அடியில் மரம். நீளக் கம்பியைக் குத்தி உறுதி செய்துகொண்டு தோண்டுவார்கள்.

அப்படிக் கிடைத்த கட்டையை வைத்து 12 முதல் 16 அடி அகலத்துக்குக் கூரை போடலாம். குடும்பம் பெருகினால் வீடு நீளத்தில்தான் வளரும்.

எங்கள் சமையலறையை அளந்து அப்புறம் எழுதுகிறேன்.

5 ஜனவரி, இரவு

சுவரை விட்டுவிட்டேன். மேற்கே கல். வயலைச் சுத்தம் செய்யும்போது பொறுக்கிய கல்லே சுவராகிவிடும், இரண்டடி கனத்துக்கு. கிழக்கிலும் தென்கிழக்கிலும், குறிப்பாக வெக்ஸ்ஃபோர்டு பக்கம், மண். களிமண்ணில் நறுக்கிய வைக்கோலைப் போட்டு மிதித்து, தாழ்வான கல் அடித்தளத்தின் மேல் ஓர் அடுக்கு வைத்து, அது இறுகியபின் அடுத்த அடுக்கு. கடைசியில் மண்வெட்டியால் செதுக்கிச் சமப்படுத்துவார்கள். வெள்ளையடித்த பிறகு மண் வீட்டையும் கல் வீட்டையும் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. வெக்ஸ்ஃபோர்டில் நான் கல் வீடு என்று நினைத்துத் தடவிப் பார்த்தது மண்ணாக இருந்தது.

வெள்ளை என்பது நீற்றிய சுண்ணாம்பு. வருடா வருடம் பூசுவது. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்து, பாதிரியார் வந்து அங்கேயே பூசை வைக்கும் வழக்கம் உண்டு. ‘ஸ்டேஷன்ஸ்’ என்பார்கள். முறை வந்த வீட்டில் அந்த வருடம் இண்டு இடுக்கு விடாமல் சுண்ணாம்பு. வெள்ளை பளிச்சென்று தெரியத் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கலப்பார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது என் அப்பா செய்ததும் அதேதான். இதைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

6 ஜனவரி

இன்றைய தேதியில் கூரையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 1839 ஜனவரி 6 இரவு அடித்த காற்றை இந்த நாடு இன்னும் ‘பெருங்காற்று இரவு’ என்றே சொல்கிறது. வைக்கோல் கூரைகள் பிய்ந்து பறந்தன. அடுப்புத் தணல் கிளம்பிப் பக்கத்துக் கூரைகளில் விழுந்து, காற்றில் தப்பியவை தீயில் போயின.

எழுபது வருடம் கழித்து, 1909-இல், எழுபது வயது நிரம்பியவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வந்தது. பலரிடம் பிறப்புச் சான்றே இல்லை. “பெருங்காற்று இரவு உனக்கு ஞாபகம் இருக்கிறதா?” என்பது வயதை நிரூபிக்கும் கேள்வியாகிவிட்டது. ஒரு கூரை பறந்த இரவு ஒரு தலைமுறைக்கே பிறந்த தேதியாக நின்றிருக்கிறது. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது மனதை என்னவோ செய்கிறது.

சரி, கூரை போடும் விதம். மரச்சட்டங்களின் மேல் முதலில் புல்லோடு சேர்த்துச் சீவி எடுத்த மண் பாளங்கள், ‘ஸ்க்ரா’ என்று பெயர். ஒரு பாயைச் சுருட்டுவது போல நிலத்திலிருந்து சுருட்டி எடுத்துக் கூரையில் விரித்துக் கயிற்றால் தைப்பார்கள். குளிர் இறங்காது, வைக்கோலைப் பிடித்துக்கொள்ளவும் ஒரு மெத்தை கிடைக்கும். அதன் மேல் கோதுமை, ஓட்ஸ், ரை வைக்கோல். ஷானன் ஆற்றோரம் நாணல். ஏழ்மையான இடங்களில் கோரை, ஹீத்தர் புதர், கடலோர மணற்புல் என்று எது கிடைத்ததோ அது. உள்நாட்டில் ஹேசல் குச்சியை நடுவில் முறுக்கி, கொண்டை ஊசி மாதிரி வளைத்துக் குத்துவார்கள். ‘ஸ்காலப்’ என்று பெயர். அட்லாண்டிக் கரையில் அது போதாது. கூரை முழுவதும் குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டு, சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் கல் முளைகளில் கட்டுவார்கள். டோனகால் பக்கம் கூரை முகட்டையே கூராக விடாமல் உருட்டிவிடுவார்கள், காற்றுக்குப் பிடி கிடைக்காமல்.

பழைய வைக்கோலைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. அதன் மேலேயே புதியது. சில வீடுகளில் கனம் ஒரு மீட்டரைத் தாண்டியிருக்கிறது.

8 ஜனவரி

ஒரு திருத்தம். நேற்று ஒருவர் தனிச்செய்தியில் “எல்லா வீடும் ஒரே மாதிரிதானே” என்று கேட்டார். என் எழுத்து அப்படி ஒரு எண்ணத்தைத் தந்திருந்தால் தவறு. பொதுவாக இரண்டு வகை. கிழக்கிலும் தென்கிழக்கிலும் கதவைத் திறந்ததும் ஒரு சின்ன தடுப்புச்சுவர், அதற்குப் பின்னால் கணப்பு. தடுப்பில் கையளவு ஓட்டை இருக்கும், அடுப்படியில் உட்கார்ந்தவர் வருவது யாரென்று பார்க்க. கூரை நாலு பக்கமும் சரியும். மேற்கிலும் வடக்கிலும் தடுப்பு கிடையாது. கதவு கணப்பிலிருந்து தள்ளி, நேர் எதிரே இன்னொரு கதவு. இரு முனையிலும் முக்கோணச் சுவர். எங்களுடையது இரண்டாவது வகை.

படம் போட்டு “இதுதானே அசல்” என்று கேட்ட நண்பருக்கு: லிமெரிக்கில் இருக்கும் அடேர் ஊர் வீடுகள் நிலக்கிழார் 19-ஆம் நூற்றாண்டில் தன் ரசனைப்படி கட்டிக் கொடுத்தவை. அழகுதான். குடியானவர் தன் கையால் கட்டியவை அவை இல்லை.

11 ஜனவரி

மாடு. உண்மைதான். இதை ஏளனமாகப் பேசியவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தைச் சுற்றிப் பார்க்க வந்த கனவான்கள். அவர்கள் எழுதி வைத்ததே இன்றுவரை நடமாடுகிறது.

அகில் தீவில் ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் கைவிடப்பட்ட ஒரு கிராமம் உண்டு. ஒரு மைல் நீளத்துக்கு 80-க்கு மேற்பட்ட கல் வீடுகள், கூரை இல்லாமல். போன அக்டோபரில் ஒரு நாள் முழுக்க அங்கே நடந்தேன். சில வீடுகளின் ஒரு முனைச் சுவரில், உட்புறம், கல்லில் மாடு கட்டும் துளை இருக்கிறது. தரை அந்தப் பக்கமாகச் சரிந்து போகிறது, குறுக்கே ஒரு வாய்க்கால். மேல் முனையில் அடுப்பும் மனிதரும், கீழ் முனையில் மாடு, நடுவில் எதிரெதிர்க் கதவுகள். அந்த இடத்தில் நின்றபோதுதான் புரிந்தது. நாலு மாட்டின் உடல் சூடு அந்தச் சின்ன இடத்தில் சாதாரண விஷயமே இல்லை. குத்தகை கட்டுவதும் அந்த மாட்டை வைத்துத்தான். நடு இரவில் கன்று ஈன்றால் புயலில் வெளியே போக வேண்டாம். உன் குடும்பத்தின் மொத்த சொத்தும் நாலு காலில் நின்றால், அதை எங்கே கட்டுவாய்?

கணப்பை ஒட்டிப் பின்சுவரில் ஒரு சின்ன பிதுக்கமும் சில பழைய வீடுகளில் இருக்கும், ஒரு கட்டில் மட்டும் கொள்ளும் அளவு. ‘கலீயக்’ என்பார்கள். ஐரிஷில் அந்தச் சொல்லுக்குக் கிழவி என்றும் பொருள். வீட்டிலேயே மிகவும் சூடான இடம் வயதானவர்களுக்கு. திரை ஒன்று தொங்கும், அவ்வளவுதான் மறைவு.

12 ஜனவரி

நாற்றம் அடிக்காதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அடித்திருக்கும். டர்ஃப் புகையும் சேர்ந்து அடித்திருக்கும். டர்ஃப் என்பது சதுப்பு நிலத்தில் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்த மக்கிய மண், அதுதான் விறகு.

1891-இல் மேற்கின் ஏழ்மையான பகுதிகளுக்கென்று ஏற்படுத்திய அரசு வாரியம், மாட்டை வெளியே கட்டச் சொல்லித் தொழுவம் கட்டவும் வீட்டைத் திருத்தவும் உதவித்தொகை கொடுத்தது. ஆரோக்கியத்துக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தொழுவம் பிரிந்த வீட்டில் அந்தக் கீழ் முனைதான் பிறகு படுக்கை அறையானது. எங்கள் வீட்டின் கிழக்கு அறைத் தரை ஏன் லேசாகச் சரிகிறது என்று ஆறு வருடம் யோசித்தேன். என் மகள் படுக்கும் இடத்தில் யாருடைய மாடோ நின்றிருக்கலாம்.

15 ஜனவரி

ஜன்னல் வரி. இந்தக் கதையை இங்கே எல்லா வழிகாட்டியும் சொல்கிறார்கள், நானும் விருந்தாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்ல மாட்டேன். அயர்லாந்தில் அந்த வரி 1799-இல் வந்து 1822-இல் போனது. அது பெரிய வீடுகளைக் குறிவைத்த வரி. ரெண்டு மூணு ஜன்னல் வைத்த குடிசைக்காரரை அது தொடவில்லை. கண்ணாடி விலை அதிகம், ஓட்டை பெரிதானால் குளிர் வரும், சுவர் பலம் குறையும். சின்ன ஜன்னலுக்கு இவையே போதும்.

அரைக்கதவின் வேலை வேறு. கோழியும் பன்றியும் உள்ளே வராது, தவழும் குழந்தை வெளியே போகாது, வெளிச்சமும் காற்றும் வரும். எதிரெதிர்க் கதவு உள்ள வீட்டில் காற்று எந்தப் பக்கமோ அந்தக் கதவை மூடி, மறுபக்கத்தைத் திறந்து வைப்பார்கள், புகை சரியாக ஏற. விருந்தாளி வந்த கதவு வழியாகவே போக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டின் அதிர்ஷ்டத்தைக் கூடவே கொண்டுபோய்விடுவார் என்று நம்பிக்கை. அப்புறம், முழங்கையை ஊன்றிக்கொண்டு போகிறவர் வருகிறவரிடம் பேச அதைவிட வசதியான சாமான் கிடையாது.

19 ஜனவரி

நான் எழுதியதையெல்லாம் மறுபடி படித்தேன். ஒரு பெரிய குறை தெரிகிறது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துச் சொல்லவில்லை.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடுகளை நாலு தரமாகப் பிரித்தது. நாலாம் தரம் என்றால் ஒரே அறையுள்ள மண் குடிசை. ஏறத்தாழ 4 லட்சத்து 91 ஆயிரம் இருந்தன. 1851-இல் அதே நாலாம் தரம் 1 லட்சத்து 35 ஆயிரத்துச் சொச்சம். நடுவில் நடந்தது உருளைக்கிழங்குப் பஞ்சம். பத்து வருடத்தில் மூன்றரை லட்சம் குடிசைகள் மண்ணோடு போயின. குடியிருந்தவர்கள் செத்தார்கள், கப்பல் ஏறினார்கள், வாடகை கட்டாதவர்களின் கூரையை நிலக்கிழார்கள் பிரித்துப் போட்டு வெளியேற்றினார்கள். அந்தக் குடிசைகள் பலவற்றில் ஜன்னலும் இல்லை, புகைபோக்கியும் இல்லை.

நாம் இன்று காலண்டரில் பார்ப்பது அதற்கு மேல் தரத்து வீடு, கொஞ்சம் நிலம் வைத்திருந்தவரின் வீடு. மிக ஏழைகளின் வீடு ஒன்றுகூட நிற்கவில்லை என்றே சொல்லலாம். மண்ணால் கட்டியது, கூரை போனதும் இரண்டு மூன்று மழைக்காலத்தில் கரைந்துவிடும். ஸ்லீவ்மோர் கல்லாக இருந்ததால் நிற்கிறது. “எவ்வளவு அழகான எளிய வாழ்க்கை” என்று பின்னூட்டம் போடுகிறவர்கள் இந்த ரெண்டு எண்களையும் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

4 பிப்ரவரி

இரண்டு வாரம் எழுதவில்லை. ‘ஏயோவின்’ என்று பெயரிட்ட புயல் ஜனவரி 24 அதிகாலை வந்தது. கால்வே கரையில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் காற்று, இந்த நாட்டில் அளந்ததிலேயே அதிகம். நாடு முழுவதும் 7 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்களுக்கு ஒன்பது நாள். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க் கொதிகலனும் மின்சாரம் இல்லாமல் ஓடாது. தண்ணீர் கிணற்று மோட்டாரில்.

சமையலறையில் பழைய கணப்பு இன்னும் திறந்தபடி இருக்கிறது. இதுவரை எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு மூட்டுவோம். இந்த ஒன்பது நாளும் அது அணையவில்லை.

அணையாமல் வைக்கக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியவர், வயது 84. முதல் நாள் இரவு டார்ச்சோடு வந்து, எரிகிற டர்ஃப் கட்டிகளை ஒதுக்கி, சாம்பலில் குழி பறித்து, தணலை அதில் வைத்து மேலே சாம்பலால் போர்த்தினார். போர்த்தும்போது ஐரிஷில் வாய்க்குள் ஒரு ஜெபம். காலையில் சாம்பலை விலக்கி ஊதினால் சிவப்பாகக் கண் திறந்தது. நீறு பூத்த நெருப்பு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். பழைய வீடுகளில் இப்படி வருடக்கணக்கில் தீ அணையாமல் இருந்திருக்கிறது. மகன் புது வீடு கட்டினால் அப்பா வீட்டுத் தணலை எடுத்துக்கொண்டு போய்த்தான் அடுப்பு மூட்டுவான்.

மூன்றாம் நாளில் ஒரு மாற்றம். கணப்புக்குப் பின்னால் இருக்கும் கல் சுவர் சூடாகிவிட்டது, தொட்டால் தெரிகிறது. இரவில் தீ அடங்கிய பிறகும் அந்தச் சூடு வந்துகொண்டே இருந்தது. மகள் தலையணையைச் சுவரோடு ஒட்டிப் போட்டுத் தூங்கினாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து “குளிர் வீடு” என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இது நாள் முழுவதும் தீ எரிய வேண்டும் என்று கட்டிய வீடு. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று ரேடியேட்டரைப் போட்டால் இரண்டடிக் கல்லுக்கு அது போய்ச் சேராது.

பின்சுவர் மட்டும் கடைசிவரை ஈரம். முன்பு யாரோ வெளிப்புறம் சிமெண்ட் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புப் பூச்சு மழையில் கொஞ்சம் நனையும், காற்றில் காய்ந்துவிடும். சிமெண்டில் மயிரிழை விரிசல் வழியாகப் போகும் தண்ணீர் திரும்பி வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆறு வருடமாக அந்தச் சுவரில் பூஞ்சையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

5 பிப்ரவரி

அந்த இரவுகளில் பெரியவர் தினமும் வந்தார். அவர் சொன்னதில் இரண்டு.

மேற்கு அறை. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் பெற்றோர் சமையலறை ஆட்சியை மருமகளிடம் விட்டுவிட்டு மேற்கு அறைக்குப் போவார்கள். நல்ல நாற்காலி, சாமி படங்கள், செத்தவர்களின் புகைப்படங்கள் எல்லாம் அங்கே. அவருடைய பாட்டி பதினோரு வருடம் அந்த அறையில் இருந்தாராம். வீட்டை மேற்குப் பக்கம் நீட்டக் கூடாது என்றும் ஒரு பேச்சு உண்டு: “மேற்கே நீட்டுகிறவன் கடவுளைவிடப் பலசாலியாக இருக்க வேண்டும்.”

தரை. களிமண்ணைக் கொட்டி இறுக்கியதும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு ஆடச் சொல்வார்கள், மிதிபட்டுக் கெட்டியாக. கணப்பின் முன்னால் இருக்கும் பெரிய பலகைக்கல்லுக்கு அடியில் குதிரையின் மண்டையோட்டைப் புதைத்து வைப்பதும் உண்டு, ஆடும்போது காலடி கணீரென்று கேட்க. இதைப் படித்திருக்கிறேன், அவரும் கேள்விப்பட்டிருக்கிறார்.

பிப்ரவரி 1 பிரிஜிட் புனிதரின் நாள். அதற்கு முந்தின மாலை கோரையை முடைந்து சிலுவை செய்து, கதவுக்கு மேலேயோ கூரைச் சட்டத்திலோ செருகுவது வழக்கம், தீயிலிருந்து வீட்டைக் காக்க. வைக்கோல் கூரைக்குக் கீழே ராப்பகலாகத் தீ வைத்திருந்தவர்களின் பயம் அது. எங்களுக்கும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்.

9 பிப்ரவரி

முதல் நாள் “வேறு ரகசியம் இல்லை” என்று எழுதினேன். அதை மாற்றிக்கொள்கிறேன்.

அறுத்த மரம் கப்பலில் வந்து கடையில் கிடைக்கத் தொடங்கிய பிறகும் ரொம்ப காலம் மக்கள் அதே ஓரறை அகலத்தில்தான் கட்டினார்கள். மரம் தொடக்கிவைத்தது, ஆனால் அதைத் தொடர வைத்தது அடுப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஓரறை அகலமென்றால் சமையலறை வீட்டின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்கிறது. எந்த அறையிலிருந்து எங்கே போனாலும் தீயைக் கடந்துதான் போக வேண்டும். சாமான்கள் எல்லாம் சுவரோரம்: பாத்திர அலமாரி, பகலில் பெஞ்சாகவும் இரவில் கட்டிலாகவும் ஆகும் ‘செட்டில்’, வைக்கோல் கயிறு பின்னிய நாற்காலி. நடு இடம் எப்போதும் காலி. அந்த ஒன்பது நாளில் நாங்களும் மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டோம், யாரும் சொல்லாமலே. இன்னும் திருப்பிப் போடவில்லை.

கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் திட்டத்தின் முதல் கம்பம் 1946 நவம்பரில் டப்ளின் கவுண்டியில் நட்டது. இந்தப் பக்கம் வர இன்னும் பல வருடம் ஆனது. விளக்கு எரிந்த முதல் இரவு தன் அம்மா கூரையை நிமிர்ந்து பார்த்து, படிந்திருந்த கரியைக் கண்டு அழுதுவிட்டார் என்றார் பெரியவர். மறுநாளே சுண்ணாம்பு கரைத்தாராம்.

15 பிப்ரவரி

அளந்துவிட்டேன். சமையலறை உள் அகலம் 13 அடி 7 அங்குலம். ஜன்னல் ஓரத்தில் சுவரின் கனம் 26 அங்குலம்.

வீட்டுக்காரர் பின்சுவர் சிமெண்டை உரித்துச் சுண்ணாம்பு பூசச் சம்மதித்துவிட்டார். உறைபனி இருக்கும்போது சுண்ணாம்பு வேலை செய்யக் கூடாது, அதனால் மே மாதம். அடியில் கல்லா மண்ணா என்று பெரியவருக்கும் தெரியவில்லை. உரித்த அன்று இங்கே எழுதுகிறேன்.